எடுக்காத பொட்டலம்

போன மாதம் நம் வகுப்புப் பெண்கள் எல்லாரும் ஒரு கல்யாணத்தில் கூடினோமே, அன்றைக்கு உங்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள். "இன்னாடி நீ, எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமிக்கு நேரா நிக்க மாட்ற, தூணாண்ட போயி ஒளிஞ்சிக்கற?" நான் சிரித்து மழுப்பிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். பாயசம் நன்றாக இருந்ததால் யாரும் மறுபடி கேட்கவில்லை.

நமக்கெல்லாம் முட்டி வலிக்கிற வயசு வந்தாச்சு. இனிமேல் எதற்கு மழுப்ப வேண்டும்? பக்தி இல்லாமல் நான் ஒளியவில்லை. சாமிக்கு ரொம்பக் கிட்ட நின்றவள் நான். கிட்ட நின்றவர்களுக்கு ஒரு பயம் உண்டு. எட்ட நின்று கும்பிட்டுவிட்டுப் பிரசாதம் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது தெரியாது. நீங்களும் அந்த ஊர்க்காரிகள்தான், ஆனாலும் உங்களுக்கு வெளியில் தெரிந்த கதை வேறு. உள்ளே நடந்ததை இன்றைக்குச் சொல்கிறேன்.

சிங்கப்பெருமாள் கோயில் ரயிலடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற நம் ஊரில், ஏரிக்கரை அம்மனுக்குப் பூசை வைக்கிற முறை எங்கள் வீட்டுக்கு. நைனாதான் பூசாரி. நாங்கள் அப்பாவை நைனா என்றே கூப்பிட்டோம். கிணறு வெட்டுவதோ, பெண் கொடுப்பதோ, உடம்புக்கு ஆபரேஷன் செய்துகொள்வதோ, எதற்கும் ஊர்க்காரர்கள் முதலில் அம்மனிடம் பூ கேட்பார்கள். வாழையிலைத் துண்டு ஒன்றில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே அளவாக மடித்து வாழைநாரால் கட்டி அவள் காலடியில் போடுவார்கள். வயசுக்கு வராத ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். அந்த வருஷம் எடுக்கிற கை என்னுடையதாக இருந்தது.

பொட்டலம் கட்டுவது பூசாரி வீட்டுப் பெண்ணின் வேலை. எங்கள் வீட்டில் அதை அத்தை செய்தாள். எடுக்காமல் விட்ட பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அம்மன் சொல்லாத பதிலை மனுஷன் எட்டிப் பார்க்கக் கூடாது என்பார் நைனா. அதைக் கட்டுப் பிரிக்காமல் கொண்டுபோய் ஏரியில் விடுவதும் என் வேலைதான்.

கோயிலுக்குள்ளே வேப்பெண்ணெயும் எலுமிச்சைத் தோலும் வௌவால் புழுக்கையும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சு விட முடியாது. அம்மனுக்குக் கரடுமுரடான கல் முகம். அதில் வெள்ளிக் கண்ணை மட்டும் பதித்திருந்தார்கள். விளக்கை இடம் மாற்றி வைத்தால் அந்தக் கண்ணும் திரும்பிப் பார்க்கும். மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயப்படுவார்கள். நான் பயப்படவில்லை. மஞ்சள் அரைத்து அம்மனுக்குப் பூசிக்கொண்டே அவளிடம் ஸ்கூல் கதையெல்லாம் சொல்வேன். எனக்கென்று ஒரு மஞ்சள் பாவாடை. அதைத் தனியாகத் துவைத்துத் தனிக் கொடியில் காயப்போடுவார்கள். கணக்கு வாத்தியார்கூட என்னை அடிக்க மாட்டார். பரீட்சைக்கு முன்னால் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது யார் யார் என்று இப்போது சொன்னால் உங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள், வேண்டாம். எனக்குச் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். இவ்வளவு கிட்ட நிற்கிற கொடுப்பினை யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அனுபுரத்திலிருந்து ஒரு ஆபீசர் ஸ்கூட்டரில் மனைவியோடு வந்தார். பையனை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று பூ கேட்டார்கள். சிவப்பு வந்தது. அந்த அம்மா முகம் விழுந்துவிட்டது. "இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கலாமா பூசாரி?" என்றார் அவர்.

"ஒரு வாட்டி கேட்டாச்சே சார். அவ இன்னா செவுடா?" என்றார் நைனா. அப்புறம் கொஞ்சம் தணிந்து, "ரெண்டுல எது வந்தாலும் ஒத்துக்கறன்னு மனசு இருந்தாதான் கேக்கணும் சார். இல்லாங்காட்டி கேக்கவே கூடாது" என்றார்.

எனக்கு நைனாவை நினைத்து அன்றைக்கு அவ்வளவு பெருமை.

அதே கோடையில்தான் அத்தைக்கு இடம் வந்தது. அத்தை நைனாவின் தங்கை. தையல் மிஷினும் அவளும் ஒரே ஜன்னலடியில் இருப்பார்கள். ஊர்ப் பெண்கள் பாதிப் பேரின் ஜாக்கெட் அவள் தைத்ததுதான். உங்கள் பாவாடைகளில் இருந்த அந்த இரட்டை மடிப்பும் அவள் வேலைதான், நீட்டி நீட்டி மூன்று வருஷம் போட்டுக்கொண்டீர்களே. அவளுக்கு இடம் கொண்டு வந்தவர் பெரியப்பா. மணல் லாரி ஓட்டி நாலு பேர் மதிக்கிற நிலைக்கு வந்தவர். அவர் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். மாப்பிள்ளைக்கு மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை. மகாபலிபுரத்துப் பக்கம் சொந்த வீடு. குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான் என்றார்கள்.

ஊர் வாயில் விழ வேண்டாம் என்று முதலில் மகாபலிபுரம் கடற்கரையில் பெண்ணைப் பார்ப்பதாக ஏற்பாடு. பெரியப்பா வேன் பிடித்தார். நல்ல வெயில். மணல் செருப்புக்குள் புகுந்து சுட்டது. பெரியவர்கள் இளநீர் வண்டியருகே நின்று பேச, மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்க்கச் சொல்லி அத்தையையும் துணைக்கு என்னையும் அந்தப் பக்கமாக அனுப்பினார்கள். சென்ட் வாசனை காற்றில் எங்களுக்கு முன்னால் வந்தது.

என் வயசு இருக்கும், சிப்பி மாலை விற்கிற ஒரு பெண் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஒண்ணு வாங்கிக்கணா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவன் மாலையை வாங்குவதுபோல் அவள் கையைப் பிடித்தான். பிறகு அவளுடைய சின்ன விரலைப் பின்பக்கமாக வளைத்தான். மெதுவாக வளைத்தான். முகத்தில் கோபமே இல்லை, சிரிப்பு இருந்தது. அந்தப் பெண் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மாலைகள் மணலில் விழுந்தன. எங்களைப் பார்த்ததும் விட்டுவிட்டான். குனிந்து மாலைகளைப் பொறுக்கி, மணல் தட்டி அவளிடமே கொடுத்து, தலையில் தடவிக் கொடுத்தான்.

பெரியம்மா அந்தத் தடவலை மட்டும்தான் பார்த்தாள். "பாரேன், கொயந்தைங்க மேல இன்னா பாசம்" என்றாள்.

திரும்பி வரும்போது வேனில் அத்தை, "எனுக்கு இந்த இடம் வாணாம்ணா" என்றாள்.

"எந்தப் பொண்ணு ஒடனே சரின்னு சொல்லிகீது? வெக்கம்" என்றாள் பெரியம்மா.

அத்தை விரல் கதையைச் சொன்னாள். பெரியப்பா முன்சீட்டிலிருந்து திரும்பக்கூட இல்லை. "சட்டைய புடிச்சி இஸ்த்தா எவனுக்கும் கோவம் வரும். இதுக்கெல்லாம் ஒரு நல்ல இடத்த வுடுவாங்களா?"

"நானும் பாத்தன் பெரியப்பா" என்றேன்.

"பெரியவங்க பேசறப்ப வாய மூடு."

நைனா ஜன்னல் வழியாகச் சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீடு வந்து சேரும்போது எல்லாம் முடிவாகிவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை பூ கேட்டுவிட்டு நிச்சயத்துக்கு நாள் குறிக்கலாம் என்றார் பெரியப்பா. முடிவு செய்த பிறகு எதற்குக் கேட்பது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

வெள்ளிக்கிழமை காலை அத்தை தலைக்குக் குளித்துவிட்டுத் தனியாகக் கோயிலுக்குள் போய்ப் பொட்டலம் கட்டினாள். அவள் கட்டினால் கட்டுத்தான். நார் இலைக்குள் பதிந்துவிடும், அவிழ்க்க நகம் வேண்டும். நான் கண்ணை மூடி எடுத்தேன். நைனா பிரித்தார். சிவப்பு.

பெரியப்பாவின் முகம் கறுத்தது. "பாப்பா கண்ண தொறந்துகினு எடுத்தியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"இன்னொரு வாட்டி போடு."

"ஒரு தரம் கேட்டாச்சுண்ணா" என்றார் நைனா.

"அனுபுரத்து சாருக்கு சொல்றதெல்லாம் எங்கிட்ட சொல்லாத. நான் உன் அண்ணன். போடச் சொல்லு."

நைனா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் வேறு பூ பறித்து வந்து, வேறு பொட்டலம் கட்டினாள். மறுபடியும் சிவப்பு.

எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துவிட்டது. அம்மன் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பதில் சொல்கிறாள், அதுவும் என் கையால் சொல்கிறாள் என்று நினைத்தபோது கால் தரையில் நிற்கவில்லை. நான் கடற்கரையில் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள் என்று நம்பினேன். இரண்டு தடவையும் எடுக்காத பொட்டலங்களைக் கொண்டுபோய் ஏரியில் விட்டேன். கட்டு அவிழாமல் அவை கொஞ்ச தூரம் மிதந்து, கோரைப்புல்லுக்குள் போய் மறைந்தன.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பெரியப்பா மறுபடி வந்தார். சட்டைப்பையிலேயே இரண்டு பொட்டலம் வைத்திருந்தார். வாழையிலைகூட இல்லை, நியூஸ் பேப்பர். மேலே தையல் நூல்.

"கல்யாணப் பொண்ணே கட்டுனா சரியா வருமா? அவ மனசு நெலையில்லாம கீது. அதான் நானே கட்டிகினு வந்துட்டன்" என்றார்.

நைனா அவற்றை வாங்கி அம்மன் காலடியில் போட்டார். அத்தை கதவோரம் நின்றிருந்தாள். போன வாரம் அவ்வளவு அமைதியாக இருந்தவள், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் எடுத்தேன். வெள்ளை வந்தது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நைனா மணியை அடித்தார்.

ஏரிக்கரையில் குனிந்து அந்த இன்னொரு பொட்டலத்தை விட்டதும் நூல் நழுவியது. பேப்பர் ஊறி விரிந்தது. உள்ளேயிருந்து பூ ஒவ்வொன்றாக வெளியே வந்து என் காலைச் சுற்றி மிதந்தது. எல்லாம் நந்தியாவட்டை.

ஓடிப்போய் நைனாவிடம் சொன்னேன். "தண்ணியில பாத்தா எல்லாம் வெள்ளையாத்தான் தெரியும். போ, துணிய மாத்து" என்றார். ஆனால் மறுநாள் காலைப் பூசையில் அவர் மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அடிக்கவில்லை. சூடத்தைக் காட்டிவிட்டு, அம்மன் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தார்.

வீட்டில் சுண்ணாம்பு அடித்தார்கள், வடகம் பிழிந்தார்கள், பெரியம்மா பாத்திரக்கடைக்கும் துணிக்கடைக்கும் போய் வந்துகொண்டே இருந்தாள். அத்தை சாப்பிடுவதை விட்டுவிட்டாள். தையல் மிஷினில் உட்காருவாள், மிதிக்க மாட்டாள். அவள் கிணற்றடிக்குப் போனால் அம்மாவும் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போய் நிற்பாள், பேச மாட்டாள். ஒருநாள் மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "ஒழுகுது" என்றாள். டின் ஒழுகவில்லை. எனக்கு அது புரிய எத்தனையோ வருஷம் ஆயிற்று.

கோயிலுக்குள் போகவே எனக்குப் பயமாகிவிட்டது. வெள்ளிக் கண் இப்போது விளக்கை நகர்த்தாதபோதும் என்னைப் பார்த்தது. அவளிடம் ஸ்கூல் கதை சொல்ல வாய் வரவில்லை. அவள் பேரைச் சொல்லி ஒரு பொய் என் கையால் வெளியே போயிருக்கிறது, அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ராத்திரி ஜுரம் வரும், காலையில் போய்விடும். அம்மா வேப்பிலை அடித்தாள். கிட்ட நிற்கிற கொடுப்பினை என்று நினைத்தேனே, அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

நிச்சயத்தன்று வீடு கொள்ளாத கூட்டம். உங்களில் சில பேர் வாசலில் கேசரிக்கு நின்றிருந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அத்தைக்குப் பட்டுப்புடவை கட்டி நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். எதிரில் மாப்பிள்ளை. தட்டு மாற்றப் போகிற நேரம். மாப்பிள்ளையின் அம்மா நெற்றி நிறையக் குங்குமம் வைத்தவள், எங்கள் அம்மன் பேரைக் கேட்டாலே கையெடுக்கிறவள். அவள் என்னைக் கிட்டக் கூப்பிட்டுத் தாடையைத் தொட்டாள்.

"நீதான அம்மனாண்ட நிக்கற பொண்ணு? உன் கையாலதான வெள்ள வந்துச்சு? உன் வாயாலயும் ஒரு நல்ல வார்த்த சொல்லு கண்ணு. நாங்க தட்ட மாத்திக்கறோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் கை இரண்டும் மடியில் கிடந்தது. ஒரு சின்ன விரலை அவளே இன்னொரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மன் வெள்ள குடுக்கல" என்றேன். "மொத ரெண்டு வாட்டியும் செவப்பு வந்துச்சு. மூணாவது வாட்டி பெரியப்பா கட்டிகினு வந்தாரு. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான் இருந்துச்சு. ஏரியில அவுந்துடுச்சு, நான் பாத்தன்."

அந்த அம்மா தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். "பூசாரி, பொண்ணு சொல்றது நெசமா?"

நைனா எழுந்து நின்றார். "நெசம்தாம்மா" என்றார்.

"அம்மன் பேருல பொய் சொன்ன வூட்ல எனுக்கு பொண்ணு வாணாம்" என்று அவள் எழுந்துவிட்டாள். கூட்டம் முழுக்க எழுந்தது. பெரியப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். நைனா அந்தக் கையைப் பிடித்தார். அண்ணன் முன்னால் நிமிர்ந்து பேசியறியாத நைனா, "அவ அம்மனுக்கு நிக்கறவ. கை வெக்காத" என்றார்.

மாப்பிள்ளை மட்டும் அவசரப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பி என்னைப் பார்த்தான். கடற்கரையில் பார்த்த அதே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பயந்து ரொம்ப நாள் நான் தனியாக ஏரிப்பக்கம் போனதில்லை. அவனுக்குச் சீக்கிரமே வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். அந்தப் பெண்ணைப் பற்றிக் காதில் விழுந்ததை நான் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் இன்றைக்கு நீங்கள் தூங்க மாட்டீர்கள்.

மறுநாள் நைனா கோயில் சாவியை ஊர்ப் பெரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். "தெரிஞ்சே மணி அடிச்சேன். இனிமே என் கை அவ மேல படக்கூடாது" என்றாராம். பூசை வேறு வீட்டுக்குப் போயிற்று. பெரியப்பா சாகிறவரை எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அம்மன் வேண்டாம் என்ற பெண் என்று ஊரே அத்தையைப் பேசியது, வேறு இடமும் வரவில்லை. அவள் அதற்காக அழுது நான் பார்த்ததில்லை. சிங்கப்பெருமாள் கோயிலுக்கு நடந்துபோய்க் கம்பெனி பஸ் பிடித்து மறைமலைநகருக்கு வேலைக்குப் போனாள். பின்னால் அங்கேயே கூட வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டாள். இப்போது அவளுக்கு என்னைவிட நன்றாக முட்டி மடங்குகிறது. உங்களுக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்.

மிச்சம் எனக்கு மட்டும் தெரிந்தது. அந்த ஆடி மாதமே நான் வயசுக்கு வந்துவிட்டேன். தலைக்குத் தண்ணீர் ஊற்ற அத்தைதான் வந்தாள். ஓலைத் தடுப்புக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மஞ்சள் தண்ணீர் கண்ணில் வழிய, நான் அழுதுகொண்டிருந்தேன். வலிக்காக அல்ல. "இனிமே அம்மனாண்ட போவ முடியாது இல்ல அத்தே? ரெண்டு வாட்டி அவ எங்கிட்ட பேசினா" என்றேன்.

அத்தை சொம்பைக் கீழே வைத்தாள். தடுப்புக்கு வெளியே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"அந்த ரெண்டு வாட்டியும் நீ எடுக்காத பொட்டலத்துலயும் செவப்புதான் இருந்துச்சு" என்றாள். "நான்தான் வெச்சன்."

என் உடம்பு சிலிர்த்ததும், கால் தரையில் நிற்காததும், கூட்டத்தின் நடுவில் நின்று நான் சத்தியமாகச் சொன்னதும் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுந்தது. பெரியப்பா செய்ததும் இதுவும் ஒன்றுதானே என்று அவள்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

"அம்மன ஏமாத்திட்டியா?"

"ஏமாத்தல. அவ காலாண்ட உக்காந்து எல்லாத்தயும் சொன்னன். சொல்லிட்டுத்தான் கட்டுனன்" என்றாள் அத்தை. என் தலையைத் தன் பக்கம் திருப்பி, சிக்கை விரலால் பிரித்தாள். "நான் வாணாம்னு சொன்னத இந்த வூட்ல யாரு காது குடுத்து கேட்டாங்க? மொத கேட்டவ அவ. அப்பால நீ."